மூடியும் மூடாத காது

தங்கம் வைத்திருப்பவர்களை உங்களுக்குத் தெரியும். தங்கம் இல்லாதவர்களையும் தெரியும். அவர்களைப் பார்க்க வீட்டுக் கண்ணாடி போதும். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு. தங்கத்தை யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைப்பார்கள். ஒளித்து வைத்திருக்கும் சங்கதி நாலு பேருக்குத் தெரியாவிட்டால் சோறு இறங்காது. இவர்களை ஒளித்துக்காட்டிகள் என்று அழைத்தால் தப்பில்லை. நல்ல காலத்தில் இவர்களை அடையாளம் காண முடியாது. சம்பளம் நிற்கட்டும், கடையில் மாவு தீரட்டும், சந்தையில் ஒரு சங்கிலி அறுபடட்டும், அப்போது பாருங்கள், ஈசல் மாதிரிக் கிளம்பி வருவார்கள்.

உஸ்பெகிஸ்தானில் இருக்கும் எங்கள் கோகந்தில் அவர்கள் கிளம்பியது, சோவியத் போய், புது நாடு வந்து, புது நோட்டு வந்து, அந்த நோட்டுக்கு ஒன்றுமே வராமல் போன அந்தக் குளிர்காலத்தில். அப்போது ஊர்ப் பெண்களுக்கு இரண்டு பயம். நகை போட்டுக்கொண்டு போனால் காது போகும். சந்தையில் ஒருத்தியின் காதுமடல் கிழிந்ததைப் பத்துப் பேர் பார்த்தார்கள். பார்க்காத ஆயிரம் பேர் இன்னும் நன்றாக வர்ணித்தார்கள். சரி, கழற்றி வைத்துவிட்டுப் போகலாமே? போகலாம். போனால் மானம் போகும். "பாவம், வித்துட்டாங்க போல" என்று ஒரு வாய் சொன்னால் போதும், சாயங்காலத்துக்குள் அது எதற்கு விற்றது, எந்தக் கிழமை விற்றது, விற்கும்போது அழுதாளா இல்லையா என்பது வரை ஊருக்குத் தெரிந்துவிடும். காதா, மானமா? சாதாரண மனுஷி இதில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுப்பாள். ஒளித்துக்காட்டி இரண்டையும் வைத்துக்கொள்வாள்.

எங்கள் தெரு முகம்பர் அக்காவைப் பார்த்தால் உங்களுக்கு இது புரியும். அக்காவின் கணவர் சோதிக் பழம் பதப்படுத்தும் ஆலையில் இயந்திரம் பழுது பார்ப்பவர். ஆலை அவருக்கு மூன்று மாதமாகத் தக்காளி விழுது டப்பாவாகவே சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது. கட்டிலுக்கு அடியில் டப்பா, கணப்புக்குப் பக்கத்தில் டப்பா, குர்ஆன் வைக்கும் மாடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் டப்பா. ஆனால் அக்காவிடம் ஒரு ஜோடி கம்மல் இருந்தது. இலை வடிவம், நடுவில் சிவப்புக் கல், அந்தக் காலத்துச் செந்தங்கம், பின்பக்கம் கடுகளவு முத்திரை. கல்யாணத்தன்று அவள் அம்மா தன் காதிலிருந்து கழற்றி இவள் காதில் போட்டது. மாவுக்கும் மருந்துக்கும் என்னென்னவோ போயிருக்கிறது அந்த வீட்டிலிருந்து. தையல் இயந்திரம் போனது, பெரிய கம்பளம் போனது. கம்மலை அக்கா தொடவில்லை. அதற்காக அவளைப் பாராட்டத்தான் வேண்டும். பாராட்டு வாங்குவதற்கு அவள் செய்ததுதான் கொஞ்சம் அதிகம்.

வெளியே கிளம்பினால் உள்ளே ஒரு மெல்லிய முக்காடு, மேலே ஒரு கம்பளி முக்காடு. காது இரண்டும் கண்ணுக்கே தெரியாது. ஆனால் அந்த மேல் முக்காட்டு முடிச்சு இருக்கிறதே, அதைப் போட ஒரு தனிக் கை வேண்டும். பஸ் ஏறும்போது கல் மாதிரி இறுகியிருக்கும். தெரிந்த முகம் ஒன்று உள்ளே ஏறிய மாத்திரத்தில் தானாக நழுவும், உள் முக்காடும் கூடவே வரும், கம்மல் பளிச்சென்று எட்டிப் பார்க்கும்.

"ஐயையோ, கழட்டி வைக்க மறந்தே போயிட்டேனே!" என்பாள் அக்கா. "யாரும் பாக்கலையே?"

அதுவரை யாரும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு டிரைவர் உட்பட எல்லாரும் பார்ப்பார்கள்.

விரலில் ஒரு மெல்லிய மோதிரமும் உண்டு. அதன் கல்லை உள்ளங்கைப் பக்கம் திருப்பிக்கொள்வாள், திருடன் கண்ணில் படக்கூடாது என்று. பிறகு தோழியைக் கண்டால் உள்ளங்கையை விரித்து ஆட்டுவாள். பக்கத்து வீட்டுக்காரியிடம், "நீ நகையை எங்கடி வைக்கிறே? எல்லாரும் அரிசிப் பானையிலதான் தேடுவானுங்களாம். நான் அங்கெல்லாம் வைக்கிறதில்லப்பா, இன்னிக்கு சாயந்திரத்திலேருந்து" என்பாள். கம்மலை மூட முக்காடு இருக்கிறது, மோதிரத்தை மூடக் கை இருக்கிறது. மேல்வரிசையில் ஜொலிக்கும் நாலு தங்கப் பல்லை என்ன செய்வது? வாயை மூடிக்கொள்ளலாம். முகம்பர் அக்காவால் மற்றதெல்லாம் முடியும்.

இதெல்லாம் வெறும் பகட்டு என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டில் மகள் நஃபீசா இருந்தாள். இருபது வயது, மருத்துவமனையில் நர்ஸ் வேலை பழகுகிறவள். அங்கே ஜசூர் என்று ஒரு இளம் பல் டாக்டர். அவன் பெயரை யாராவது சொன்னால் நஃபீசா ஊற்றும் தேநீர் கிண்ணத்தில் விழாது, விரிப்பில் விழும். இரண்டு முறை விரிப்பைத் துவைத்த பிறகு அக்காவுக்கு விஷயம் புரிந்தது. புரிந்ததும் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஏனென்றால் ஜசூரின் அம்மா இனோபத் லேசுப்பட்டவள் இல்லை. மகனிடம் முன்பெல்லாம் தங்கப் பல் கட்டிக்கொள்ள வருவார்கள். இப்போது பிடுங்கிக்கொள்ள வருகிறார்கள், விற்பதற்கு. எந்த வீடு எவ்வளவு முழுகியிருக்கிறது என்பது ஊரில் எல்லாருக்கும் முன்னால் அவளுக்குத் தெரியும். "முழுகின வீட்டுல பொண்ணெடுத்தா மொத்த வீடும் நம்ம தோள்ல ஏறும்" என்பது அவள் கட்சி. ஆகவே கம்மல் இனி வெறும் கம்மல் இல்லை. இந்த வீடு முழுகவில்லை என்பதற்கு மீதமிருந்த பெரிய சாட்சி.

பெண் கேட்டு வருவதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் ஓசையில்லாமல் விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இனோபத்தும் ஒரு செவ்வாய்க்கிழமை சாம்பல் நிறப் போர்வையைக் கண்வரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டு, எங்கள் தெருப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினாள். அந்த பஸ்ஸில் முன் இருக்கையில் முகம்பர் அக்காவும் அவள் தோழி ஜுமாகுலும் உட்கார்ந்திருந்தார்கள். இனோபத் இவர்கள் முதுகுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றைக்கும் முக்காடு வழக்கம்போல் நழுவியது. ஆனால் பார்த்தவர்கள் சரியில்லை. தோல் ஜாக்கெட் போட்ட இரண்டு வாலிபர்கள் கதவோரம் நின்று அக்காவின் காதையே வெறித்தார்கள். கிழிந்த காதுமடல் அக்காவின் கண் முன்னால் வந்து ஆடியது. நேரங்காலம் தெரியாமல் ஜுமாகுல் வேறு, "இது உங்கம்மா போட்ட கம்மல்தானேடி?" என்று கேட்டுத் தொலைத்தாள்.

"அதெல்லாம் எப்பவோ போச்சுடி!" பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள் அக்கா. "வித்துத் தின்னாச்சு! இது துருக்கிக்காரன் விக்கிற பித்தளை. கல்லு வெறும் கண்ணாடி. வீட்ல தக்காளி விழுதைத் தவிர ஒரு மண்ணும் கிடையாது!"

"என்னடி உளர்றே?"

"பித்தளைடி! பித்தளை! ரெண்டு நாள்ல காது பச்சையாயிடும் பாரு!"

அந்த வாலிபர்கள் இசைப் பள்ளி நிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒருவன் தோளில் நீளக் கழுத்து தோம்ப்ரா வாத்தியம் தொங்கியது. இறங்கும்போது அவன் அக்காவைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு பரிதாபம். தப்பித்தோம் என்று அக்கா பெருமூச்சு விட்டாள். பின்னால் சாம்பல் போர்வை அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிப் போனதை அவள் எங்கே கவனித்தாள்?

இனோபத் அப்போதே கைகழுவியிருப்பாள். மகன் விடவில்லை, சாப்பிட மாட்டேன் என்று படுத்துக்கொண்டான். சரி, வீட்டையும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று வெள்ளிக்கிழமை முறைப்படி வந்தாள், பூவேலைத் துணியில் இரண்டு பெரிய ரொட்டிகளைச் சுற்றி எடுத்துக்கொண்டு. அந்த ரொட்டியை இரண்டு வீட்டாரும் சேர்ந்து உடைத்தால் சம்மதம், பெண் நிச்சயம். உடைக்காவிட்டால் ஒன்றும் இல்லை.

அக்கா முக்காட்டைக் காதுக்குப் பின்னால் இழுத்துக் கட்டியிருந்தாள். கம்மல் இரண்டும் ஜன்னல் வெயிலில் தகதகத்தன. தேநீர் ஊற்றும்போது தலையை இந்தப் பக்கம் ஆட்டினாள், சர்க்கரை நீட்டும்போது அந்தப் பக்கம் ஆட்டினாள்.

"எங்கம்மா போட்டது, சகோதரி. அசல் செந்தங்கம். எவ்வளவு கஷ்டம் வந்தாலும் இதை மட்டும் விக்க மாட்டேன்னுட்டேன்."

"அப்படியா?" என்றாள் இனோபத். கிண்ணத்தின் விளிம்புக்கு மேலாக அந்தக் காதுமடல் பச்சையாகியிருக்கிறதா என்று பார்த்தாள். ஏழ்மையை அவள் ஒருவேளை மன்னித்திருப்பாள். பித்தளையைப் போட்டுக்கொண்டு தங்கம் என்று தன் முகத்துக்கு நேரே சொல்கிறாளே, இதை எப்படி மன்னிப்பது? "பையனோட அப்பாகிட்டயும் ஒரு வார்த்தை கலந்துட்டு வரேன்" என்று எழுந்தாள். அவள் விட்டுப்போன ரொட்டி துணிக்குள்ளேயே முழுசாக இருந்தது.

ரொட்டியைத் தின்னவும் முடியாது, திருப்பி அனுப்பவும் முடியாது. அலமாரியின் மேல்தட்டில் அது நாளுக்கு நாள் காய்ந்து கட்டையானது. நஃபீசா அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டாள். தேநீர் சிந்துவதும் நின்றுபோயிற்று. அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை.

பத்தாம் நாள் ஜுமாகுல் ஓடிவந்தாள்.

"உன் கம்மல் பித்தளையாம்டி. வித்துத் தின்னுட்டு வேஷம் போடுறியாம். இனோபத் வீட்ல பேச்சு."

"எந்தத் தட்டுவாணி சொன்னா? அவ நாக்கு அழுகிப் போக!"

"நீதான் சொன்னே."

"நானா?"

"பஸ்ஸுல. பித்தளைடி, பித்தளைன்னு ரெண்டு தரம். பின்னாடி நின்னது இனோபத்துடி."

அக்கா அப்படியே தக்காளி டப்பாக்களின் மேல் உட்கார்ந்துவிட்டாள். என்ன செய்வது? கம்மலை அந்தப் பல் டாக்டரிடமே காட்டிச் சோதிக்கச் சொல்லலாம். சொன்னால் விற்கப் போனாள் என்றுதான் பேச்சு வரும். வீடு வீடாகப் போய்த் தங்கம், தங்கம் என்று சொல்லலாம். சொன்னால் சம்பந்தி வருவதற்கு முன்னால் திருடன் வருவான். அன்றைக்குப் பூராவும் அழுதாள். அழுகைக்கு நடுவில், "என் வாயாலேயே என் பொண்ணு வாழ்க்கையைக் கெடுத்துட்டேனே" என்று சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள். சோதிக் பாவம், ஆறுதலாக ஏதோ சொல்ல வந்து, அவள் பார்த்த பார்வையில் வாசலுக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் இனோபத் வீட்டில் பேரனைத் தொட்டிலில் போடும் விருந்து. அழைப்பு ஜுமாகுலுக்குத்தான். அக்கா அவளோடு ஒட்டிக்கொண்டு போனாள். விருந்து விரிப்பைச் சுற்றி இருபத்துமூன்று பெண்கள். சம்சாத் தட்டும் தேநீர்க் கிண்ணமும் கைமாறிக்கொண்டிருந்தன. குழந்தையை வாழ்த்தி முடித்ததும் அக்கா தொண்டையைக் கனைத்தாள்.

"எல்லாரும் கேளுங்க. அன்னிக்கு பஸ்ஸுல நான் சொன்னது பொய். திருடனுக்குப் பயந்து சொன்னேன். என்னைப் பொய்க்காரின்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். ஒண்ணுமில்லாதவன்னு மட்டும் சொல்லாதீங்க." சொல்லிக்கொண்டே இரண்டு கம்மலையும் கழற்றினாள். "இந்தாங்க, பின்னாடி முத்திரையைப் பாருங்க. கடிச்சுப் பாருங்க. ஒவ்வொருத்தரும் பாருங்க!"

பார்த்தார்கள். ஐயா, பெண்கள் அப்படிப் பார்த்ததை நான் கேள்விப்பட்டதே இல்லை. ஒன்று வலப்பக்கமாகப் போனது, ஒன்று இடப்பக்கமாகப் போனது. ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார்கள், கல்லை நக்கிப் பார்த்தார்கள், தங்கப் பல்லால் தங்கத்தைக் கடித்தார்கள். "அசல்தான்" என்று ஒரு குரல், "அசலேதான்" என்று இன்னொரு குரல். நடுநடுவே சம்சாவும் போய்க்கொண்டிருந்தது. ஒரு சுற்று முடிந்து ஒரு கம்மல் அக்காவின் கைக்கு வந்து சேர்ந்தது.

இன்னொன்று வரவில்லை.

முதலில் யாருக்கும் உறைக்கவில்லை. பிறகு எல்லாரும் ஒரே சமயத்தில் மடியை உதறினார்கள். தட்டைத் தூக்கிப் பார்த்தார்கள், மெத்தையைப் புரட்டினார்கள், தொட்டிலில் தூங்கிய பிள்ளையைக்கூட எடுத்து உதறினார்கள். காணோம். "நான் இவகிட்டதான் குடுத்தேன்." "நானா? நான் அப்பவே அவளுக்குத் தள்ளிட்டேனே." அக்காவுக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. அம்மாவின் காதில் ஊஞ்சலாடிய கம்மல், மாவுக்கும் மருந்துக்கும் கொடுக்காத கம்மல், போயே போய்விட்டது.

ஆனால் அவளைவிட அதிகமாக வெளுத்துப்போனவள் இனோபத். தன் வீட்டில், தன் விரிப்பில், தன் உறவுக்காரிகள் நடுவில் விருந்தாளியின் தங்கம் காணாமல் போவதா? நாளைக்கு ஊர் என்ன சொல்லும்? தாங்குமா? விறுவிறுவென்று அடுப்பறைக்குப் போய்ச் சூடான ரொட்டி ஒன்றை எடுத்துவந்தாள். முறைப்படி அதைப் பெண் வீட்டில்தான் உடைக்க வேண்டும். முறையைப் பார்க்கிற நிலையில் அவள் இல்லை. விருந்தாளி சம்பந்தியாகிவிட்டால் காணாமல் போனதும் வீட்டு விஷயமாகிவிடும்.

"சம்பந்தி, என் வீட்டு மானத்தைக் காப்பாத்துங்க. உங்க பொண்ணை எங்களுக்குக் குடுங்க" என்று ரொட்டியின் ஒரு பக்கத்தை நீட்டினாள்.

அக்கா மறுபக்கத்தைப் பிடித்தாள். ரொட்டி உடைந்தது. அக்கா ஓவென்று அழுதாள், மகளுக்காகவா கம்மலுக்காகவா என்று அவளுக்கே தெரியாது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் முகம்பர் அக்காவைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! முக்காட்டைக் கழுத்துக்கே இறக்கிவிட்டு, வெறுங்காதை எல்லாருக்கும் காட்டிக்கொண்டு வந்தாள். மிச்சமிருந்த ஒற்றைக் கம்மல் கையுறைக்குள். "பறிகுடுத்தேன் தாயே! இத்தனூண்டு முத்திரை, அசல் செந்தங்கம்!" வெறுங்காதை யாரும் அறுக்க முடியாது, அதில் தங்கம் இருந்ததோ ஊருக்கே தெரியும். வாழ்நாள் முழுக்க அவள் தேடியது இந்தக் காதைத்தான் என்று ஜுமாகுல் பிறகு சொன்னாள்.

வீட்டுக்கு வந்து கம்பளி முக்காட்டை நஃபீசாவிடம் மடிக்கக் கொடுத்தாள். நஃபீசா உதறினாள். முதுகுப் பக்கத்துக் குஞ்சத்தில் கம்மலின் கொக்கி மாட்டிக்கொண்டு தொங்கியது. யாரோ பின்னால் கையை நீட்டி அடுத்தவளுக்குக் கொடுத்தபோது சிக்கியிருக்க வேண்டும்.

"அல்லாவே! கிடைச்சுருச்சு!" என்றார் சோதிக். "நாளைக்குக் காலையிலேயே போய்ச் சொல்லிடு."

"என்னன்னு சொல்றது? உங்க வீட்ல திருட்டே நடக்கல, நீங்க ரொட்டி உடைச்சது வேஸ்ட்டுன்னா?"

"அங்க அத்தனை பொம்பளைங்களும் ஒருத்தியை ஒருத்தி சந்தேகப்பட்டுக்கிட்டு இருப்பாங்களே, பாவம் இல்லையா?"

பாவம்தான். அக்காவுக்கும் அது உறுத்தத்தான் செய்தது. இனோபத்தின் நாத்தனார்கள் மூன்று பேரும் தங்களுக்குள் பேச்சை நிறுத்திவிட்டார்கள் என்று சேதி வந்தபோது இரண்டு நாள் தூங்கவில்லை. ஆனால் மகளின் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் தேநீர் விரிப்பில் சிந்திக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டாள். அடடா, அது எப்பேர்ப்பட்ட தண்டனை! ஒரு ஒளித்துக்காட்டியின் கையில் உண்மையிலேயே ஒளிக்க வேண்டிய தங்கம்! காட்ட வழியில்லை, ஜாடை காட்டக்கூட வழியில்லை. ஜுமாகுலிடம் மட்டும், சத்தியம் வாங்கிக்கொண்டு, ஒரே ஒரு தடவை காட்டினாள். அப்புறம் எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள்.

வசந்தத்தில் நிக்காஹ் நடந்தது. அம்மா மகளின் ஒரு காதில் கம்மல் போட்டாள். மறு காது வெறுமையாக இருந்தது. விருந்தாளிகள் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள், இனோபத் தலையைக் குனிந்துகொண்டாள். இன்னொரு கம்மலை அக்கா யாரும் பார்க்காதபோது மகளின் உள்சட்டை மடிப்பில் வைத்துத் தைத்தாள். "எங்கேயாவது பத்திரமா வெச்சுக்கோ. யாருக்கும் காட்டாதே, சாகற வரைக்கும்." நஃபீசா தலையை ஆட்டினாள். இந்தப் பெண் கதை முழுக்க வாயே திறக்கவில்லை என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அவள் அம்மா பேசும்போது யார்தான் பேச முடியும்?

புது மருமகள் மறுநாள் விடியலில் எழுந்து மாமியார் வீட்டைப் பெருக்க வேண்டும். துடைப்பச் சத்தம் தெருவரை கேட்க வேண்டும். நஃபீசா வாசலைப் பெருக்கினாள், முற்றத்தைப் பெருக்கினாள், விருந்து அறைக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில், "அத்தை! அத்தை!" என்று ஒரு கூச்சல். வீடே ஓடிவந்தது. மூன்று நாத்தனார்களும் ஓடிவந்தார்கள். நஃபீசாவின் உள்ளங்கையில் கொஞ்சம் தூசி, தூசிக்கு நடுவில் இலை வடிவக் கம்மல்.

"அந்த மூலையில, பலகை இடுக்குல கிடந்துச்சு அத்தை. நல்லா குனிஞ்சு பெருக்கினேன்."

நாத்தனார்கள் மூவரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். அந்த மூலையை, அந்தப் பலகை இடுக்கை, தொட்டில் விருந்து முடிந்த நாளிலிருந்து இனோபத் தன் கையால் நாற்பது தடவை பெருக்கியிருக்கிறாள். ஊசியை விட்டுக்கூடத் துழாவியிருக்கிறாள். கம்மலை வாங்கி முத்திரையைப் பார்த்தாள். பிறகு மருமகளின் முகத்தைப் பார்த்தாள், நிதானமாகப் பார்த்தாள். நஃபீசா கண்ணை இமைக்கவில்லை.

"எனக்கு வாய்ச்ச மருமகளைப் பாருங்கடி!" என்று இனோபத் தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். "என்னமா பெருக்குறா!"

சாயங்காலம் மாமியாரும் மருமகளும் முதல்முறையாகச் சந்தைக்குக் கிளம்பினார்கள். இரண்டு காதிலும் கம்மல். நஃபீசா முக்காட்டை எடுத்துக் கட்டினாள். இனோபத் அருகில் வந்து முடிச்சைச் சரி செய்தாள்.

"காலம் கெட்டுக் கிடக்கு, நல்லா இழுத்து மூடிக்கோம்மா" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "ரொம்ப இழுத்துடாதே" என்றாள்.

கதை கோகந்தில் நடந்தது, நமக்கென்ன என்று நீங்கள் எழுந்து போகலாம். போவதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள். போன வாரம் பஸ்ஸில் ஏறினதும் முந்தானையை இழுத்துக் கழுத்தைப் போர்த்தி, சங்கிலி மேல் ஒரு ஊக்கையும் குத்திக்கொண்டு, பக்கத்து இருக்கைக்காரியிடம் "இந்தக் காலத்துல போட்டுக்கிட்டு வெளியவே வர முடியல பாருங்க" என்று ஆரம்பித்தீர்களே, அவள் அதுவரை உங்கள் கழுத்தைப் பார்த்தாளா என்ன?